நிமிடத்துக்கு ஐம்பது துளி

பம்பு நின்றுவிட்டது.
ஸ்வானேத்தி மலைமேல் மூன்றாம் நாளாகப் பனி,
கம்பியில் மின்சாரம் இல்லை.
ஜெனரேட்டரின் உயிர் முழுவதும்
ஒற்றை வயரில் அடுத்த அறைக்குப் போகிறது:
அங்கே நேற்றுப் பிறந்த ஒன்று
பிராணவாயுவைக் கடன் வாங்கி மூச்சு விடுகிறது.

இந்த அறையில் நுக்சார்.
இழவு வீட்டில் தின்ற ஊறுகாய்க் காளான்
அவன் உடம்பு நீரையெல்லாம் வடித்துவிட்டது.
ஒரு லிட்டர் உப்புநீர், எட்டு மணி நேரம்
என்றார் டாக்டர்.
அதோடு தொலைபேசியும் செத்தது.

ஒரு மில்லிக்கு இருபது துளி.
இருபதாயிரம் துளியை
நானூற்றெண்பது நிமிடத்தால் வகுக்கிறேன்
மருந்துப் பெட்டியின் முதுகில், கையுறையோடு.
நாற்பத்தொன்று. புள்ளி. அப்புறம் ஆறு, ஆறு, ஆறு,
அட்டையின் விளிம்பு வரைக்கும் ஆறு.
மூன்றில் இரண்டு பங்குத் துளியை
எந்தக் குழாயும் சொட்டாது.
நாற்பத்திரண்டு என்று வைத்துக்கொண்டேன்.
விடிவதற்குள் இந்தச் சின்னப் பொய்
ஒன்றரைத் தேக்கரண்டியாகச் சேரும்.
அவ்வளவை உடம்பு பொறுக்கும்.

பத்து நொடிக்கு ஏழு துளி.
திருகுச் சக்கரத்தில் கட்டைவிரல், கடிகாரத்தில் கண்.
மணி ஒன்பது.

"சியூரி, டீசல் எவ்வளவு?"
கண் மூடியிருந்தவன் கேட்கிறான்.
பதினெட்டு லிட்டர். மணிக்கு ஒன்றரை குடிக்கிறது.
"அப்படியானால் காலை ஒன்பது."
சொல்லிவிட்டுப் பேசாமல் கிடந்தான்.
பனி தள்ளும் வண்டி அவனுடையது.
அதன் கியர் வேறு எவர் கைக்கும் அடங்காது.

ஐந்து மணிக்கு இந்தப் பை தீரும்.
பதினாறு கிலோமீட்டர், மணிக்கு நான்கு,
கீழே காத்திருக்கும் டீசல் லாரி
திறந்த பாதையில் ஏறி வர அரை மணி.
ஒன்பதரை.

அரை மணி நேரம்தான் குறைகிறது.
பேருந்துக்கு என்றால் ஓடிப் பிடித்துவிடலாம்.

"வேகமாக விடு" என்கிறான்.
வயது ஐம்பத்தெட்டு, இருதயமும் அதே வயது,
அது ஒன்றும் கால்வாய் இல்லை.
நுரையீரலில் காது வைத்துக் கேட்டேன். சுத்தம்.
ஐம்பது, அதற்கு மேல் ஒரு துளி கிடையாது.
நானூறு நிமிடம். மூன்று நாற்பதுக்கு எழுந்திருப்பாய்,
எட்டுப் பத்துக்கு லாரி.
"எனக்கும் அதே வருகிறது" என்றான்.

அதுதான் பயம்.
பத்தாம் வகுப்பில் அவன் தாளைப் பார்த்து எழுதியவள் நான்,
அவன் பிழைகளையும் ஒன்று விடாமல்.
இருவருக்கும் ஒரே மதிப்பெண், ஒரே திட்டு.
எங்கள் விடைகள் ஒத்துப்போவதில்
நம்பிக்கை வைக்க ஒன்றுமில்லை.

அடுத்த அறைக்குப் போனேன்.
எத்தேரி, பத்தொன்பது வயது, ரொட்டிக்கடைக் கல்லா.
பிள்ளைமேல் வைத்த கண்ணை எடுக்காமல் கேட்டாள்,
ஒருமுறை உதடு அசைந்தது:
"எட்டுப் பத்து. மிச்சம் ஐம்பது நிமிடம்."
பிறகுதான் எதற்கென்று கேட்டாள்.
சொன்னேன்.

மணிக்கு ஒருமுறை அவன் முதுகில் காது.
நிமிடத்துக்கு ஒருமுறை ஐம்பது.
இடையில் அவன் குறட்டை விட்டான்,
அதையும் எண்ணினேன், பழக்கதோஷம்.

மூன்று நாற்பத்திரண்டு.
ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு
பூட்சுக்குள் கால் நுழைத்தான். தள்ளாடினான்.
நின்றான்.
போனான்.

ஜெனரேட்டர் வயிற்றில் குச்சி விட்டுப் பார்த்தேன்:
எட்டு லிட்டர் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.
இதுவரை சரி.
இரும்பு பனியை உரசும் சத்தம்
வளைவுக்கு வளைவு மெலிந்து,
பிறகு கேட்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

எத்தேரி கூப்பிட்டாள்.
என் கடிகாரத்தை இரவல் வாங்கி
குழந்தையின் மூச்சை எண்ணியிருக்கிறாள்.
"நாற்பத்தாறு. நல்லதா?"
நல்லது என்றேன்.
இன்னொரு தடவை எண்ணு என்றேன்.